ஏழு இயந்திரங்களின் விலை

உற்பத்தித் திட்டமிடல் மென்பொருளை ஓர் ஆலையில் நிறுவ வருபவர்கள் முதல் சில வாரங்கள் கணினியின் முன் அமர்வதைவிட, ஆலைக்குள் நடந்து கேள்வி கேட்பதே அதிகம். ஒரு பொருளுக்கு எத்தனை உறுப்புகள்? ஒவ்வோர் உறுப்பும் எந்தெந்த இயந்திரங்களின் வழியே செல்கிறது? அந்த இயந்திரம் ஓய்வில் இல்லையென்றால் மாற்று எது? அதில் எவ்வளவு நேரம் கூடுதலாகும்? ஒரு வேலையை முடித்து அடுத்த வேலைக்குக் கருவிகளை மாற்றிப் பொருத்த எத்தனை நிமிடம்? ஷிப்டு எத்தனை, பராமரிப்புக்கு எத்தனை மணி? இவற்றுக்கான விடைகளை அட்டவணையாக்கி உள்ளிட்டால் ஆலையின் மாதிரி உருவம் ஒன்று கணினிக்குள் உருவாகிறது. இருக்கும் இயந்திரங்களையும் ஆட்களையும் மூலப்பொருளையும் கொண்டு மிகுந்த பயன் தரும் திட்டம் எது என்று அந்த மாதிரியிடம் கேட்கலாம்.

இது கணினி யுகத்தின் கண்டுபிடிப்பு என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஆனால், ஓர் ஆலையை இப்படி எண்களின் அட்டவணையாக எழுதி, அதற்குச் சிறந்த திட்டத்தைக் கணிதத்தால் கண்டறியும் வழியை 1939-லேயே ஒருவர் அச்சிட்டு வெளியிட்டுவிட்டார். அப்போது மின்னணுக் கணினி பயன்பாட்டில் இல்லை. அவர் இருந்ததோ ஸ்டாலினின் சோவியத் நாட்டில். லெனின்கிராடு பல்கலைக்கழகப் பேராசிரியர் லியோனித் கண்டரோவிச் என்பது அவர் பெயர்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் நான். நேரியல் திட்டமிடல் என்ற பாடத்தில் அமெரிக்கரான ஜார்ஜ் டான்சிக்கின் சிம்ப்ளெக்ஸ் முறை பல பக்கங்களை நிரப்பும்; கண்டரோவிச்சோ பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுவார். யார் முந்தினார் என்ற போட்டிக்காக இதைச் சொல்லவில்லை. சிறந்த திட்டத்தைக் கண்டறிந்தபோது கண்டரோவிச்சின் கையில் இன்னொன்றும் சேர்ந்து வந்தது. அவர் வாழ்க்கையின் துன்பங்களும் சிறப்புகளும் அந்த இரண்டாவது பொருளால் வந்தவை. இன்றைய ஆலைகள் விலை கொடுத்து வாங்கிவிட்டுத் திறந்து பாராமல் விட்டுவிடுவதும் அதைத்தான்.

1912 ஜனவரி 19 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் யூத மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் கண்டரோவிச். புரட்சி வெடித்தபோது அவருக்கு ஐந்து வயது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் குடும்பம் ஓராண்டு பெலாரஸுக்குச் சென்று தங்க நேர்ந்தது. 1922-இல் தந்தை மறைந்தார். 14 வயதில் பல்கலைக்கழகக் கணிதத் துறையில் சேர்ந்து, 18 வயதில் பட்டம் பெற்று, 22 வயதில் பேராசிரியரானார். தூய கணிதத்தில் அவர் பெயர் அப்போதே நிலைபெற்றுவிட்டது. பொருளாதாரத்தின் பக்கம் அவர் வராமலே இருந்திருந்தாலும் கணித வரலாறு அவரை நினைவில் வைத்திருக்கும். இன்றும் அவர் பெயரால் வழங்கும் கணித வெளிகள் உண்டு.

1938-இல் அரசின் பிளைவுட் உற்பத்தி நிறுவனத்தின் ஆய்வகம் பல்கலைக்கழகக் கணித அறிஞர்களிடம் ஒரு சிக்கலைக் கொண்டு வந்தது. பிளைவுட் செய்ய முதலில் மரத்துண்டைச் சுழலவிட்டு, பென்சில் சீவுவதுபோல மெல்லிய தகடாக உரிக்க வேண்டும். உரிக்கும் இயந்திரங்கள் எட்டு. மர வகைகள் ஐந்து. ஒவ்வோர் இயந்திரமும் ஒவ்வொரு மரத்தை வெவ்வேறு வேகத்தில் உரிக்கும். வகைகளின் விகிதம் மாறாமல், மொத்த உற்பத்தி உச்சத்தை எட்ட வேண்டுமானால் எந்த இயந்திரத்துக்கு எந்த மரத்தை எவ்வளவு தருவது? கேட்பதற்கு எளிய கேள்வி. பாடப்புத்தக வழியில் விடை தேடினால், 12 அறியாக் கணியங்கள் கொண்ட சமன்பாட்டுத் தொகுதிகளை ஏறத்தாழ நூறு கோடி முறை தீர்க்க வேண்டும். கையால் கணக்கிடும் காலத்தில் அது நடக்காத காரியம்.

கண்டரோவிச்சை ஈர்த்தது பிளைவுட் அல்ல. இந்தக் கணக்கின் சாயல் எங்கும் தென்படுவதை அவர் கண்டார். இரும்புத் தகட்டை வெட்டும்போது கழிவு குறைய வேண்டும். அதுவும் இதே வடிவம். எந்த நிலத்தில் எந்தப் பயிர், எந்த உலைக்கு எந்த எரிபொருள், எந்த ஊருக்கு எந்தக் கிடங்கிலிருந்து சரக்கு என்பனவும் அப்படியே. வரம்புக்கு உட்பட்ட வளங்கள், பல மாற்று வழிகள், உச்சமாக்க வேண்டிய ஒரு பயன் என்று எல்லாவற்றுக்கும் எலும்புக்கூடு ஒன்றே. 1939 மே மாதம் பல்கலைக்கழகத்தில் இதை விரித்துரைத்தார். அதே ஆண்டில், உற்பத்தியை ஒழுங்கமைத்துத் திட்டமிடும் கணித முறைகள் என்னும் பொருள்படும் தலைப்பில் சிறு நூலாகவும் வந்தது. அச்சிட்டவை 1,000 படிகள். ஏறத்தாழ 50 அமைச்சகங்களுக்கு அனுப்பினார்கள். பெரிய அசைவு எதுவும் நிகழவில்லை.

அந்த நூலில் வரும் ஓர் எடுத்துக்காட்டை இங்கே சற்று விரிவாகவே பார்க்க விரும்புகிறேன். கணக்கு என்றதும் வாசகர் அஞ்ச வேண்டியதில்லை. கூட்டலும் பெருக்கலும் போதும்.

ஒரு பட்டறையில் ஏழு இயந்திரங்கள் உள்ளன. மில்லிங் இயந்திரம் மூன்று, டரட் லேத் மூன்று, தானியங்கி லேத் ஒன்று. செய்ய வேண்டிய பொருளில் இரண்டு உறுப்புகள். முதல் உறுப்பில் ஒன்றும் இரண்டாம் உறுப்பில் ஒன்றும் சேர்ந்தால்தான் ஒரு முழுப் பொருள். குறிப்பிட்ட நேரத்தில் ஒரு மில்லிங் இயந்திரம் முதல் உறுப்பை மட்டும் செய்தால் 10 தரும். இரண்டாம் உறுப்பை மட்டும் செய்தால் 20. டரட் லேத் 20 அல்லது 30. தானியங்கி லேத் 30 அல்லது 80.

மேற்பார்வையாளர் ஒருவர் இயல்பாக என்ன செய்வார்? ஒவ்வோர் இயந்திரமும் இரண்டு உறுப்புகளையும் சம எண்ணிக்கையில் செய்யட்டும் என்பார். பட்டறையில் பூசல் இராது. எண்ணிக்கையும் பொருந்தி வரும். அப்படிச் செய்தால் மில்லிங் மூன்றும் சேர்ந்து 20, லேத் மூன்றும் 36, தானியங்கி 21 என மொத்தம் 77 முழுப் பொருள்கள் கிடைக்கும்.

கண்டரோவிச்சின் திட்டம் வேறு. தானியங்கி லேத் இரண்டாம் உறுப்பை மட்டும் செய்யட்டும்: 80. டரட் லேத்துகள் மூன்றும் முதல் உறுப்பை மட்டும் செய்யட்டும்: 60. மில்லிங் இயந்திரங்கள் தம் நேரத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கை முதல் உறுப்புக்கும், எஞ்சிய ஒரு பங்கை இரண்டாம் உறுப்புக்கும் தரட்டும். இப்போது இரண்டு உறுப்புகளும் 86-க்குச் சற்று மேல் கிடைக்கின்றன. புதிய இயந்திரம் இல்லை, கூடுதல் ஆள் இல்லை, ஒரு மணி நேர மிகைவேலையும் இல்லை. உற்பத்தி மட்டும் ஏறத்தாழ 12 விழுக்காடு உயர்ந்துவிட்டது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மூன்று வகை இயந்திரங்களில் மில்லிங்தான் இரண்டு உறுப்புகளிலும் மெதுவானது. இரண்டாம் உறுப்பைச் செய்வதிலாவது அது முதல் உறுப்பைப்போல இரு மடங்கு வேகம் காட்டுகிறது. ஆனாலும் திட்டம் அதன் நேரத்தின் பெரும்பகுதியை முதல் உறுப்புக்கே ஒதுக்குகிறது. தனியே எதில் வேகம் என்பது கேள்வியே அல்ல. மற்றவர்களோடு ஒப்பிட எதில் இழப்பு குறைவு என்பதே கேள்வி. நாடுகளிடையே வாணிகத்தை விளக்க 1817-இல் டேவிட் ரிக்கார்டோ சொன்ன ஒப்பீட்டு நன்மைக் கோட்பாடு, இங்கே ஒரு பட்டறையின் கூரைக்குள் நின்றுகொண்டிருக்கிறது. பொருளியல் மாணவர்களுக்கு ரிக்கார்டோவைக் கற்பிக்கப் போர்த்துகல் மதுவையும் இங்கிலாந்துத் துணியையும்விட இந்த ஏழு இயந்திரங்கள் நல்ல எடுத்துக்காட்டு என்பது என் கருத்து.

இந்த விடையை அடைய கண்டரோவிச் கையாண்ட வழிதான் முதன்மையானது. ஒவ்வோர் உறுப்புக்கும் ஊகமாக ஓர் எண்ணை மதிப்பாகக் கொடுக்க வேண்டும். ஒவ்வோர் இயந்திரமும் தனக்கு அதிக மதிப்பு ஈட்டித் தரும் உறுப்பைச் செய்யட்டும். ஓர் உறுப்பு குவிந்து மற்றொன்று போதாமல் போனால், குவிந்ததன் மதிப்பைக் குறைத்து மற்றதன் மதிப்பைக் கூட்ட வேண்டும். இப்படித் திருத்திக்கொண்டே சென்றால் சமநிலை வரும் இடத்தில் சிறந்த திட்டமும் வந்துவிடும். நூறு கோடிச் சமன்பாட்டுத் தொகுதிகள் சில மணி நேரக் கைக்கணக்காகச் சுருங்கிவிட்டன. அந்த எண்களுக்கு அவர் இட்ட பெயர், தீர்வு தரும் பெருக்கிகள்.

நம் பட்டறையில் அந்த எண்கள் யாவை? முதல் உறுப்பின் மதிப்பு மூன்றில் இரண்டு பங்கு. இரண்டாம் உறுப்பின் மதிப்பு மூன்றில் ஒரு பங்கு. இதிலிருந்து இயந்திரங்களின் மதிப்பும் தானே வெளிப்படுகிறது. தானியங்கி லேத் தன் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு பழுதாகி நின்றால் இரண்டே முக்கால் பொருளுக்குச் சற்றுக் குறைவாக நட்டம். டரட் லேத் ஒன்று அதேயளவு நின்றால் நட்டம் அதில் பாதி. மில்லிங் இயந்திரம் ஒன்று நின்றால் கால் பங்கு. அதாவது, இந்தப் பட்டறையில் தானியங்கி லேத்தின் ஒரு மணி நேரம் மில்லிங் இயந்திரத்தின் நான்கு மணி நேரத்துக்கு ஈடு. இந்த விலையை முதலாளி வைக்கவில்லை, சந்தை வைக்கவில்லை, அமைச்சகமும் வைக்கவில்லை. இயந்திரங்களின் திறனும் தேவையும் சேர்ந்து அதை நிர்ணயித்துவிட்டன. பொருளியலில் இன்று இதை நிழல் விலை என்கிறோம்.

இங்கேதான் ஆபத்து இருந்தது. மார்க்சியப் பொருளியலில் மதிப்பை உருவாக்குவது உழைப்பு மட்டுமே. கண்டரோவிச்சின் கணக்கிலோ இயந்திர நேரத்துக்கு விலை வருகிறது; விளைநிலத்துக்கு வாடகை வருகிறது; மூலதனத்துக்கு வட்டி போன்ற ஒன்றும் வருகிறது. அதுவும் முதலாளித்துவச் சந்தையிலிருந்து அல்ல, சோசலிசத் திட்டத்தின் வயிற்றிலிருந்தே வருகிறது. பட்டறைக் கணக்கு என்ற அளவில் இது பொறியாளர்களின் செய்தி. நாட்டின் பொருளாதாரத்துக்கே இதைப் பொருத்தலாம் என்று எழுதிவிட்டால் அது கோட்பாட்டுக் குற்றம். அந்தக் காலத்தில் கோட்பாட்டுக் குற்றத்துக்கு என்ன தண்டனை என்பது அவருக்குத் தெரியாததல்ல.

தெரிந்தும் எழுதினார். அதுவும் போரின் நடுவில். ஜெர்மானியப் படைகள் லெனின்கிராடை முற்றுகையிட்டபோது, நகரத்துக்கு உணவு வந்த முக்கிய வழிகளுள் ஒன்று உறைந்த லடோகா ஏரியின் மேல் அமைந்த பனிப்பாதை. பனியின் கனத்துக்கும் குளிரின் அளவுக்கும் ஏற்ப லாரிகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று கணக்கிடும் பணியிலும் அவர் பங்கு கொண்டார். இராணுவப் பொறியியல் கல்வி நிலையத்துடன் யாரோஸ்லாவுக்கு இடம்பெயர்ந்த பின், 1942-இல் நாட்டின் வளங்களை மிக நன்றாகப் பயன்படுத்தும் பொருளாதாரக் கணக்கைப் பற்றி ஒரு நூலை எழுதி முடித்தார். ஏழு இயந்திரங்களுக்குச் செய்ததை நாட்டின் அத்தனை ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் நிலங்களுக்கும் செய்யலாம் என்பது அதன் சாரம். விலை என்ற சொல்லைத் தவிர்த்து, புறவயமாக நிர்ணயிக்கப்படும் மதிப்பீடுகள் என்று எச்சரிக்கையாகப் பெயரிட்டார்.

எச்சரிக்கை பலிக்கவில்லை. மையத் திட்டக் குழுவான கோஸ்பிளான் அந்த நூலை ஏற்கவில்லை. நடந்த விவாதமொன்றில், உச்சப் பயன் என்ற கருத்தையே இத்தாலியப் பொருளியலாளர் பரேட்டோவோடும், அவரை முசோலினி போற்றியதோடும் முடிச்சுப் போட்டுப் பேசினார்கள். பாசிசத்தோடு போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில் அத்தகைய ஒப்புமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கண்டரோவிச் கையெழுத்துப் படியை ஒதுக்கி வைத்துவிட்டுக் கணிதத்துக்குத் திரும்பினார். கோழைத்தனம் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கருத்து பிழைக்க வேண்டுமானால் கருத்தைச் சொன்னவர் உயிரோடு இருக்க வேண்டும். அந்த நூல் 17 ஆண்டுகள் காத்திருந்தது. இடையே கணித ஆய்வுக்காக 1949-இல் ஸ்டாலின் பரிசே அவருக்குக் கிடைத்தது என்பது வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று.

ஆலைகளை அவர் முற்றாக விட்டுவிடவில்லை. 1940-களின் இறுதியில் இளம் வடிவியல் அறிஞர் சல்கால்லருடன் சேர்ந்து, லெனின்கிராடின் யெகோரோவ் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் இரும்புத் தகடுகளை வெட்டும் முறையைக் கணக்கிட்டுத் தந்தார். கழிவு வெகுவாகக் குறைந்தது. பாராட்டு வரும் என்று எதிர்பார்த்த ஆலைக்கு வந்தது விசாரணை. இரும்புக் கழிவை உருக்காலைக்கு இவ்வளவு அனுப்ப வேண்டும் என்று அந்த ஆலைக்கு ஓர் இலக்கு இருந்தது. கழிவே குறைந்துவிட்டதால் அந்த இலக்கு தவறியது! போதாக்குறைக்கு, ஓராண்டில் இவ்வளவு முன்னேறியவர்கள் அடுத்த ஆண்டும் அதேபோல் முன்னேறட்டும் என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்துகொண்டது. தகட்டை நூற்றுக்கு நூறு பயன்படுத்திய பிறகும் மேலும் எப்படிப் பயன்படுத்துவது?

சோவியத் கதை என்று சிரித்துவிட்டு நகர முடியாத நிகழ்ச்சி இது. சோவியத் ஆலை இயக்குநர்கள் தம் இயந்திரங்களின் உண்மைத் திறனை மேலிடத்துக்குச் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த ஆண்டு இலக்கு ஏறும். ஆகவே, மையத் திட்டக் குழுவுக்குச் சென்ற எண்கள் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் குறைத்துச் சொல்லப்பட்டவை. இன்று எந்த நாட்டிலும், எந்தத் தனியார் நிறுவனத்திலும் மென்பொருளுக்கு எண்களைத் தருபவர் பிரிவு மேலாளர்தான். அவருடைய ஊக்கத்தொகை அந்த எண்களைப் பொறுத்ததானால், ஓர் உறுப்பைச் செய்ய நான்கு நிமிடம் ஆகும் இயந்திரத்துக்கு ஐந்து நிமிடம் என்று எழுதுவார். கருவி மாற்றும் நேரத்தையும் தாராளமாகவே எழுதுவார். மாதிரி அதை நம்பிவிடும். அது தரும் திட்டம் கணிதப்படி பிசகற்றதாக இருக்கும். ஆனால், அது திட்டமிடுவது இல்லாத ஓர் ஆலைக்கு. மென்பொருள் பயன் தரவில்லை என்று குறைப்படும் நிறுவனங்கள், அந்த எண்களைத் தந்தவருக்கு உண்மை சொல்வதால் என்ன கிடைக்கிறது, என்ன பறிபோகிறது என்று விசாரிப்பதைப் பொருளியல் படித்தவன் என்ற முறையில் முதல் வேலையாக வைப்பேன்.

கண்டரோவிச் மௌனமாக இருந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் அதே கருத்து வேறொரு வழியில் பிறந்தது. போர்க் காலத்தில் கப்பல்களின் வெற்றுப் பயணங்களைக் குறைக்கும் கணக்கில் ஈடுபட்டிருந்தவர், நெதர்லாந்தில் பிறந்த பொருளியலாளர் ஷாலிங் கூப்மன்ஸ். 1947-இல் அமெரிக்க விமானப் படைக்காக ஜார்ஜ் டான்சிக் சிம்ப்ளெக்ஸ் முறையை உருவாக்கினார். இவர்கள் எவருக்கும் லெனின்கிராடு நூலைப் பற்றித் தெரியாது. கண்டரோவிச் 1942-இல் எழுதிய சிறு கணிதக் கட்டுரை ஒன்று கண்ணில்பட, 1956-இல் கூப்மன்ஸ் அவருக்குக் கடிதம் எழுதினார். 1939 நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1960-இல் அமெரிக்க ஆய்விதழில் வெளிவர அவரே முயற்சி எடுத்தார். தம் துறையில் இன்னொருவர் முந்திவிட்டார் என்று தெரிந்ததும் அதை உலகுக்கு அறிவிக்க உழைத்த அந்தப் பண்பு கல்வியுலகில் அரிது.

யார் முதல்வர்? கருத்தை முதலில் அச்சில் வைத்தவர் கண்டரோவிச். எந்தச் சிக்கலுக்கும் இயந்திரத்தனமாகப் பொருத்தக்கூடிய, கணினிக்கு ஏற்ற வழியைத் தந்தவர் டான்சிக். இன்றைய திட்டமிடல் மென்பொருள்கள் பலவற்றின் உள்ளே ஓடுவது டான்சிக்கின் முறையும், 1984-இல் நரேந்திர கர்மார்கர் தந்த முறையின் வழித்தோன்றல்களும். அந்த மென்பொருளுக்கு முன்னால் அமர்ந்து ஆலையை அட்டவணையாக எழுதுபவர் செய்வது கண்டரோவிச் செய்த வேலை.

ஸ்டாலின் மறைந்து சூழல் இளகிய பின், 1959-இல் அந்தப் பழைய நூல் வெளிவந்தது. மரபுப் பொருளியலாளர்கள் தாக்கினார்கள். ஆயினும் உயிருக்கு ஆபத்தில்லாத தாக்குதல். அடுத்த ஆண்டு சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் அறிவியல் நகருக்குச் சென்று கணிதப் பொருளியல் துறையைத் தலைமையேற்று நடத்தினார். 1965-இல் நெம்சினோவ், நோவோஜிலோவ் ஆகிய பொருளியலாளர்களுடன் அவருக்கு லெனின் பரிசு வழங்கப்பட்டது. எந்தக் கருத்து சிறைக்கு அனுப்பியிருக்கக்கூடுமோ அதே கருத்துக்கு அரசின் பெரும் பரிசு.

அக்காலத்தில் செய்த சிறு வேலை ஒன்று எனக்குப் பிடித்தமானது. சோவியத் டாக்சிக் கட்டணம் கிலோமீட்டர் கணக்கில் மட்டுமே இருந்தது. குறுந்தொலைவுப் பயணியை ஏற்றுவதில் ஓட்டுநருக்கு ஆதாயம் இல்லை. ஏறியவுடன் ஒரு தொடக்கக் கட்டணம், பிறகு கிலோமீட்டருக்குக் குறைந்த கட்டணம் என்று மாற்றச் சொன்னது அவர் குழு. குறுந்தொலைவுச் சவாரியும் ஆதாயமாகிவிட்டது. இன்று ஆட்டோவிலோ டாக்சியிலோ குறைந்தபட்சக் கட்டணம் தரும் நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. நோபல் பரிசு பெறப்போகும் ஒருவர் டாக்சிக் கட்டணத்தில் தலையிட்டதற்குக் காரணம் இருந்தது. ஆணையை மாற்றுவதைவிட விலையை மாற்றுவது மனிதரை வேகமாக அசைக்கும் என்பதைத் தம் கணக்கிலிருந்தே அவர் கற்றிருந்தார்.

1975-இல் கண்டரோவிச்சுக்கும் கூப்மன்ஸுக்கும் பொருளியல் நோபல் பரிசு கூட்டாக வழங்கப்பட்டது. டான்சிக்கின் பெயர் விடுபட்டது பலரை வியப்பில் ஆழ்த்தியது, கூப்மன்ஸே வருந்தினார். அதற்கு முந்தைய ஆண்டில் அதே பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களுள் ஒருவர் ஃபிரெட்ரிக் ஹயெக். ஒரு நாட்டின் பொருளாதாரம் பற்றிய அறிவு கோடிக்கணக்கான மனிதரிடம் சிதறிக் கிடக்கிறது, அதை ஓர் அலுவலகத்தில் திரட்டவே முடியாது என்று 1945-இல் வாதிட்டவர் அவர். அடுத்தடுத்த ஆண்டுகளில் நேர் எதிரான இருவருக்குப் பரிசு தந்துவிட்டார்கள் என்று அப்போது சொல்லப்பட்டது உண்டு. நான் அப்படிப் பார்ப்பதில்லை. விலை என்பது அறிவைச் சுமக்கும் எண் என்பதில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். அந்த எண்ணைச் சந்தை மட்டுமே தரும் என்றார் ஹயெக். நல்ல திட்டமும் தரும் என்றார் கண்டரோவிச். ஒரு பட்டறையைப் பொறுத்தவரை கண்டரோவிச் சொன்னது சரி. ஒரு நாட்டைப் பொறுத்தவரை ஹயெக் பக்கமே நிற்பேன். கணினியின் வேகம் போதாது என்பதல்ல காரணம். யெகோரோவ் ஆலையின் கதைதான் காரணம்: எண்களைத் தருபவர்கள் அந்த எண்களின் கீழ் வாழ வேண்டியவர்கள்.

கண்டரோவிச் அதை முழுதாக ஒப்பவில்லை. தம் மதிப்பீடுகள் பரவலானால் ஆலை இயக்குநர்களுக்கு உண்மை சொல்வதே ஆதாயமாகும்படி அமைப்பையும் மாற்றிவிடலாம் என்று நம்பினார். அந்த நம்பிக்கை சோதிக்கப்படவே இல்லை. ஆங்காங்கே உருளை ஆலைகளுக்கும் குழாய் ஆலைகளுக்கும் ஆணைகளைப் பங்கிட அவர் குழுவின் கணக்குகள் பயன்பட்டன. கோஸ்பிளான் தன் பழைய வழியிலேயே, சென்ற ஆண்டு எவ்வளவோ அதற்கு மேல் கொஞ்சம் என்று நாட்டை நடத்தியது.

நேரியல் திட்டமிடலுக்கு வரம்புகளும் உண்டு. இரு மடங்கு நேரம் தந்தால் இரு மடங்கு உற்பத்தி என்று அது கொள்கிறது. நம் பட்டறையில் மில்லிங் இயந்திரம் ஓர் உறுப்பிலிருந்து மற்றதற்கு மாறும்போது அரைமணி நேரம் வீணானால், ஒன்பதில் ஒரு பங்கு என்ற அழகிய பின்னம் அப்படியே பொருந்தாது. முழு எண்களைக் கையாளும் முறைகளும், ஓரளவு சரியான விடையோடு மனநிறைவு கொள்ளும் குறுக்குவழிகளும் பின்னாளில் சேர்ந்தது அதனால்தான். இன்றைய மென்பொருள் இவற்றையெல்லாம் கலந்தே பயன்படுத்துகிறது.

நேரியல் முறை ஓடும் இடங்களிலெல்லாம் திட்டத்தோடு நிழல் விலைகளும் கணக்காகின்றன. அவற்றுக்காகத் தனியே உழைக்க வேண்டியதில்லை. டான்சிக்கின் முறையிலும் அவை விடையோடு சேர்ந்தே வருபவை. எந்த இயந்திரத்தின் ஒரு மணி நேரம் எவ்வளவு பெறும், எதன் நேரம் சல்லிக்காசும் பெறாது என்பதை அந்தப் பட்டியல் சொல்லிவிடும். இருந்தும், காலையில் எந்த வேலை எந்த இயந்திரத்தில் என்ற அட்டவணையை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போகிறவர்கள் பலர். அடுத்த தாளைக் கேட்பவர் சிலரே. நிழல் விலை சுழியாக உள்ள இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே அதே வகையில் இன்னொன்றைக் கடன் வாங்கி நிறுவிவிட்டு, ஒரே ஓர் அடுப்புக்கு முன்னால் சரக்கு குவிந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆலைகள் உண்டு. முதலீட்டுக்கு வங்கியை அணுகுமுன் அந்தத் தாளைப் பார்த்தால் வட்டியாவது மிஞ்சும்.

1971-இல் கண்டரோவிச் மாஸ்கோவுக்கு இடம்பெயர்ந்து, பொருளாதார மேலாண்மையையும் அமைப்பு ஆய்வையும் சார்ந்த நிறுவனங்களில் கடைசிக் காலம்வரை பணியாற்றினார். அவர் மகனும் மகளும் கணிதப் பொருளியலையே தேர்ந்துகொண்டனர். 1986 ஏப்ரல் 7 அன்று மாஸ்கோவில் 74-ஆவது வயதில் மறைந்தார். அடுத்த ஐந்து ஆண்டுகளில் கோஸ்பிளான் கலைக்கப்பட்டது. அவர் பிறந்த நகரம் தன் பழைய பெயருக்குத் திரும்பியது. மூன்று மில்லிங், மூன்று டரட் லேத், ஒரு தானியங்கி என்ற அந்த அட்டவணை மட்டும் 1939-இல் அச்சானபடியே இருக்கிறது. விரிதாள் உள்ள எந்தக் கணினியிலும் அந்த ஆறு எண்களை இட்டுப் பார்க்கலாம். 86-க்குச் சற்று மேல்தான் விடை வரும். அதற்கடுத்த வரியில் இயந்திரங்களின் விலையும் வரும்.